கிரவுண்ட்ஸ் பாஸ்: ‘மைதானச் சீட்டு’ இல்லையென்றால் வேறென்ன?

கோவையிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

லண்டனில் நடக்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் வகைகளைப் பற்றிய பக்கத்தில் ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். ‘கிரவுண்ட்ஸ் பாஸ்’. முதல் வரைவில் ‘மைதானச் சீட்டு’ என்று எழுதியிருந்தேன்.

அந்த வரைவை நம்பி என் பெரியப்பா போன ஆண்டு லண்டன் போனார். வயது எழுபத்து மூன்று. ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். அங்குள்ள முதன்மை அரங்கான சென்டர் கோர்ட்டின் புல்லை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. என் தாளில் ‘மைதானச் சீட்டு’ என்று இருந்தது, விலையும் குறைவு. விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு நேரே சென்டர் கோர்ட் வாசலுக்குப் போயிருக்கிறார். இந்தச் சீட்டுக்கு இங்கே இடமில்லை என்று வாசலில் நின்றவர் மரியாதையாகவே சொன்னாராம். ஊருக்குத் திரும்பியதும், “மைதானம்னுதானேம்மா எழுதியிருந்தே?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தமிழில் மைதானம் என்றால் ஆட்டம் நடக்கிற இடம். சேப்பாக்கம் மைதானம் என்றால் அந்த ஸ்டேடியமேதான். கிரவுண்ட்ஸ் பாஸோ பெரிய அரங்குகளை விட்டுவிட்டு மற்ற இடங்களை மட்டும் திறந்துவிடுகிற சீட்டு. நான் வைத்த சொல் நேர் எதிரான பொருளைத் தந்துவிட்டது. நல்ல சொல் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து

அம்மா, நம்மிடம் ஏற்கெனவே ‘தரை டிக்கெட்’ இருக்கிறதே! டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் யாருக்கும் விளக்கமே வேண்டாம். இருப்பதிலேயே மலிவு, எண் போட்ட இருக்கை கிடையாது, முதலில் வந்தவருக்கு நல்ல இடம். கிரவுண்டுக்குத் தரை என்ற பொருளும் பொருந்துகிறது.

சென்னையிலிருந்து

எதற்காக மொழிபெயர்க்க வேண்டும்? அங்கே போய் வாங்கும்போது கிரவுண்ட்ஸ் பாஸ் என்றுதானே கேட்கப் போகிறார்கள்? அப்படியே எழுதிவிடுங்கள்.

இலண்டனிலிருந்து

வணக்கம் அக்கா. பெரியப்பாவின்ர கதையை வாசிக்க மனசு கஷ்டமாப் போச்சு. நான் ரூட்டிங்கில இருக்கிறன். அந்த வரிசையை எத்தினையோ வருசம் பாத்திருக்கிறன், நாலு தரம் நானும் நிண்டிருக்கிறன். சொல்லை முடிவு செய்ய முதல் அந்த ரிக்கற் எப்பிடி வேலை செய்யுது எண்டதைச் சொல்லுறன்.

சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்ரேசனில இறங்கி நடந்தால் விம்பிள்டன் பார்க். வரிசை அங்கதான். போனவுடன நாளும் இலக்கமும் போட்ட ஒரு அட்டை தருவினம். அதைத் துலைச்சால் இடம் போச்சு. ஆளுக்கு ஒரு ரிக்கற்தான், இன்னொருவருக்காக வாங்கேலாது. சென்டர் கோர்ட், ஒண்டாம் கோர்ட், ரெண்டாம் கோர்ட் மூண்டுக்கும் ஒவ்வொரு நாளும் ஐந்நூறு அளவில ரிக்கற் வரிசைக்கு ஒதுக்கியிருக்கும். சென்டர் கோர்ட்டுக்குக் கடைசி நாலு நாளும் வரிசையில ரிக்கற் இல்லை. முதல் நாளிரவே கூடாரம் அடிச்சுப் படுக்கிற சனம் இந்தப் பெரிய கோர்ட் ரிக்கற்றுக்காகத்தான் படுக்குது. விடிய வெள்ளன வாற மற்ற எல்லாருக்கும் கிடைக்கிறது கிரவுண்ட்ஸ் பாஸ்.

ஆனா அதைக் குறைவா நினைக்காதேங்கோ. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில உள்வீதி, வெளிவீதி எண்டு இருக்கெல்லோ. தேரன்று உள்ளுக்குள்ள நிண்டு என்ன காணலாம்? சாமியே வெளிவீதிக்கு வந்திடும். முதல் வாரத்தில இதுவும் அப்பிடித்தான். சின்னக் கோர்ட்டுகளில ஆட்டக்காரர் மூச்சு விடுற சத்தம் கேக்கும்.

இன்னொண்டு. நேரத்தோட வீட்டுக்குப் போற ஆக்கள் திருப்பிக் குடுக்கிற சென்டர் கோர்ட் இருக்கைகளைப் பின்னேரத்தில திரும்ப விப்பினம். காசு தர்மத்துக்குப் போகும். முந்தி உள்ளுக்க இருக்கிற புல்மேட்டில, பதினெட்டாம் கோர்ட்டுக்குப் பக்கத்தில வரிசையா நிண்டம், இப்ப போனில இருக்கிற செயலியில வரிசை. கிரவுண்ட்ஸ் பாஸ் வைச்சிருக்கிற ஆளும் அதுக்குப் போடலாம். பெரியப்பாவுக்கு இதை ஒருத்தரும் சொல்லாமல் விட்டிட்டினமே எண்டுதான் எனக்குக் கவலை.

ரிக்கற்றுக்கு முன்கூட்டியே பேர் பதிஞ்சு, சீட்டுப் போட்டு எடுக்கிற ‘பாலட்’டுக்கு எங்கட பக்கம் ‘திருவுளச்சீட்டு’ எண்டு சொல்லுவம். உங்களுக்கு உதவுமோ தெரியேல்லை.

திருச்சியிலிருந்து

‘உலாச்சீட்டு’ என்றால் என்ன? ஒரே இருக்கையில் கட்டுண்டு கிடக்காமல் களம் களமாகச் சுற்றி வருவதுதானே அதன் இயல்பு? அது வேண்டாமென்றால் ‘புறக்களச் சீட்டு’. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனில் வெளிக்களங்களுக்கான சீட்டை ‘அனெக்ஸ்’ என்கிறார்கள், அதற்கும் இது பொருந்தும்.

கோவையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொரு சொல்லையும் பெரியப்பாவின் கையில் கொடுத்து, அந்த வாசலில் நிறுத்திப் பார்த்தேன்.

தரை டிக்கெட் மனசுக்கு மிக நெருக்கமான சொல். ஆனால் ஐயா, டாக்கீஸில் தரையில் உட்கார்ந்தவரும் நாற்காலியில் உட்கார்ந்தவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். வசதிதான் வேறு. இங்கே சீட்டு மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது. தரை டிக்கெட் என்று படிப்பவர் சென்டர் கோர்ட்டிலேயே கீழ் வரிசை கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வார். என் பிழை வேறு வடிவில் திரும்பி வந்துவிடும்.

கடன்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னவருக்கு: நியாயமான யோசனைதான், கடன்சொல்லிடம் எனக்குப் பகையும் இல்லை. ஆனால் ‘கிரவுண்ட்’ தமிழுக்குள் எப்போதோ வந்து குடியேறிவிட்டது. “கிரவுண்டுக்கு விளையாடப் போறேன்” என்கிற பையனுக்கு அது மைதானம். சென்னையில் வீட்டுமனை பார்ப்பவருக்கு அது 2400 சதுர அடி. ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்ஸ்’ என்று பன்மையில் சொல்லும்போதுதான் ஒரு நிறுவனத்தைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் என்ற பொருள் வருகிறது. அந்தக் கடைசி ‘ஸ்’ தமிழ்க் காதில் விழுவதே இல்லை. ஆக, கடன்சொல்லும் மைதானம் என்றுதான் போய்ச் சேரும்.

அந்தப் பன்மைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: வளாகம். கோயில் வளாகம், பல்கலைக்கழக வளாகம், நீதிமன்ற வளாகம். ‘நீதிமன்ற வளாகத்தில் கூட்டம்’ என்று செய்தித்தாளில் படித்தால், நீதிபதியின் முன்னால் கூட்டம் என்று யாரும் எண்ணுவதில்லை. சுற்றுச்சுவருக்குள்ளே, ஆனால் உள்ளறைக்கு வெளியே. எனக்கு வேண்டிய எல்லைக்கோடு இதுதான். என் தெரிவு ‘வளாகச் சீட்டு’.

ஒற்றைச் சொல்லாக விட்டால் அதுவும் தடுமாறும் என்பதால் அதற்கு ஒரு துணைச்சொல்லும் வேண்டும். பெரிய களங்களில் எண்ணிட்ட இடம் தருவது ‘இருக்கைச் சீட்டு’. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒன்றில் இருக்கை உண்டு, மற்றதில் இல்லை என்பது உடனே புரிந்துவிடும்.

உலாச்சீட்டு என்னை மிகவும் ஆசைகாட்டிய சொல். சீட்டை வைத்திருப்பவர் என்ன செய்வார் என்பதை அழகாகச் சொல்கிறது, எங்கே நிறுத்தப்படுவார் என்பதைச் சொல்லவில்லை. புறக்களச் சீட்டு அதைச் சொல்கிறது. ஆனால் களங்களோடு நின்றுவிடுகிறது: பெரிய திரை பார்க்கக் கூட்டம் உட்காரும் ஹென்மன் மேடும், இலண்டன் தங்கை சொன்ன மாலை நேர மறுவிற்பனையும் அதற்குள் அடங்கவில்லை. பாரிஸ் போட்டியைப் பற்றி எழுத நேர்ந்தால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

எந்தச் சீட்டை வாங்குவது என்ற பகுதியையும் இந்த உரையாடலுக்குப் பிறகு மாற்றி எழுதிவிட்டேன். முன்பு வளாகச் சீட்டைக் கடைசியில், வேறு வழியில்லாதவர்களுக்கு என்பது போல வைத்திருந்தேன். அது தவறு. ஒற்றையர் ஆட்டத்தில் ஆடவர் 128 பேர், மகளிர் 128 பேர். முதல் சுற்றின் 128 ஆட்டங்களும் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் முடிய வேண்டும். ஒரு நாளைக்கு 64 ஆட்டம். சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்தவர் அதில் வழக்கமாக மூன்றைப் பார்ப்பார். நாற்பதுக்கும் மேற்பட்டவை வெளிக்களங்களில் நடக்கும். 2010இல் ஐஸ்னரும் மஹூவும் மூன்று நாளாக 11 மணி 5 நிமிடம் ஆடியது 18ஆம் களத்தில், எண்ணூறு பேர்கூட உட்கார முடியாத இடத்தில். 30 பவுண்டு அளவிலான சீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாம் வாரத்தில் கணக்கு தலைகீழ். காலிறுதிக்கு வந்ததும் ஒற்றையர் ஆட்டங்கள் சென்டர் கோர்ட்டுக்கும் முதலாம் களத்துக்கும் போய்விடும். வளாகத்தில் மிஞ்சுவது இரட்டையர், இளையோர், சக்கர நாற்காலி ஆட்டங்கள். அவற்றை விரும்பிப் பார்ப்பவருக்கு அது பொற்காலம். பெரிய பெயர்களைத் தேடிப் போகிறவர் மேட்டில் உட்கார்ந்து திரையில்தான் பார்க்க வேண்டும். மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூரை உள்ளவை இரண்டுதான்: சென்டர் கோர்ட்டுக்கு 2009லும் முதலாம் களத்துக்கு 2019லும் வந்தது. ஒரே நாள்தான் இருக்கிறது, தொலைவிலிருந்து வருகிறோம் என்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றின் இருக்கைச் சீட்டைத்தான் சொல்வேன்.

எந்தச் சீட்டாக இருந்தாலும் நாம் வாங்குவது ஒரு நாளையும் ஓர் இடத்தையும் மட்டும்தான். யார் எந்தக் களத்தில் ஆடுவார் என்பது முந்தின நாள்தான் வெளியாகும். திங்களன்று ஆடியவர் வென்றால் வழக்கமாகப் புதனன்று திரும்ப வருவார் என்பது மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும்.

‘பாலட்’ பற்றி. இணையத்தில் இதை ‘வாக்கெடுப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன், அது முழுத் தவறு. 1924 முதல் நடக்கும் இந்த முறையில் பெயர்களைப் பதிந்துகொண்டு, அவற்றிலிருந்து சிலரைக் கண்மூடி எடுக்கிறார்கள். எந்த நாள், எந்தக் களம் என்று கேட்கும் உரிமை நமக்கில்லை. வந்ததை ஏற்கலாம் அல்லது விடலாம். திருவுளச்சீட்டு அருமையான சொல், நமக்குக் கையில் எதுவுமில்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் ‘குடவோலை’யும் நினைவுக்கு வந்தது. அதுவும் பெயரெழுதிய ஓலையைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்ன முறைதான். ஆனால் அது சபைக்கு ஆள் தேர்ந்தது, படிப்பவர் மறுபடியும் தேர்தலுக்கே போய்விடுவார். வீட்டுவசதி வாரிய வீட்டுக்கும், பள்ளிச் சேர்க்கைக்கும் நாம் சொல்லிப் பழகிய ‘குலுக்கல் ஒதுக்கீடு’ போதும் என்று வைத்திருக்கிறேன். வெறும் ‘குலுக்கல்’ என்றால் பரிசு என்று படும். இங்கே கிடைப்பது பரிசல்ல, பணம் கட்டி வாங்கும் வாய்ப்பு. ஈழத்து வாசகருக்காகத் திருவுளச்சீட்டையும் பக்கத்திலேயே சேர்க்கிறேன்.

‘டிபென்ச்சர்’ இருக்கைகளுக்கு விவாதம் தேவையில்லை. விம்பிள்டன் மன்றத்தின் கடன்பத்திரத்தை வாங்கியவர்களுக்கு உரிய இருக்கைகள் அவை. 1920இல் இப்போதைய நிலத்தை வாங்கப் பணம் திரட்டத் தொடங்கிய உண்மையான கடன்பத்திர முறை அது, ‘கடன்பத்திர இருக்கை’ என்றே எழுதிவிட்டேன். போட்டி விதிகளின்படி, வாங்கியவர் வெளியாருக்கு விற்கக்கூடிய விம்பிள்டன் சீட்டு இது ஒன்றுதான் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கையேட்டில் வரப்போகும் பத்தி:

“வளாகச் சீட்டு: அங்கே கிரவுண்ட்ஸ் பாஸ் என்று கேளுங்கள். வெளிக்களங்கள், மேடு, பெரிய திரை எல்லாவற்றுக்கும் இதை வைத்துப் போகலாம். எண்ணிட்ட இருக்கை கிடையாது. சென்டர் கோர்ட்டுக்குள்ளும் முதலாம், இரண்டாம் களங்களுக்குள்ளும் இதை வைத்துப் போக முடியாது. மாலையில் திரும்பி வரும் இருக்கைகளைச் செயலியில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் உள்ளே போகலாம்.”

இதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யார் எந்தக் களத்தில் ஆடுவார் என்ற அன்றன்றைய பட்டியலான ‘ஆர்டர் ஆஃப் பிளே’க்கு ‘ஆட்ட வரிசை’ என்று எழுதியிருக்கிறேன். ‘வரிசை’ என்றதும் டிக்கெட் வரிசை என்று குழம்புமோ என்ற ஐயம் இருக்கிறது. யாருக்காவது வேறு சொல் தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.