டிரை கிளீனிங் கடை இருந்த இடம்: மூன்று மீட்டர் தோண்டினால் போதுமா?

மாடிவீடு:
நான் வாங்கிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 22 ஆண்டுகள் டிரை கிளீனிங் கடை நடந்திருக்கிறது. துணி வெளுக்கிற இடத்தில் சோப்பைத் தவிர என்ன இருந்துவிடப் போகிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். இப்போது ஆய்வறிக்கை வந்திருக்கிறது: நிலத்தடி நீரில் லிட்டருக்கு 140 மைக்ரோகிராம் பெர்க்ளோரோஎத்திலீன் (சுருக்கமாகப் பெர்க்; டிரை கிளீனிங்கில் அழுக்கை எடுக்கும் கரைப்பான்). மூன்று மீட்டர் தோண்டிப் புது மண் கொட்டினால் தீர்ந்தது என்கிறார் ஒப்பந்தக்காரர். தீருமா? மாடியில் நாங்கள்தான் குடியிருக்கிறோம்.

துளைக்காரன்:
தீராது. மூன்று மீட்டர் என்பது அவருடைய எந்திரத்தின் கை நீளம். ரசாயனம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது வேறு கணக்கு. பெர்க் லிட்டருக்கு 1.6 கிலோ எடை உள்ளது. எண்ணெய்போல் மிதக்காமல் நீர்மட்டத்தையும் தாண்டி இறங்கி, களிமண் தடுக்கும் இடத்தில் தேங்கும். அந்தக் களிமண் சரிகிற பக்கம் நகரும்; நீரோட்டம் எதிர்த்திசையில் இருந்தாலும் கவலைப்படாது. ஒரு லிட்டர் முழுவதும் கரைந்தால் 32 கோடி லிட்டர் நீரை அமெரிக்கக் குடிநீர் வரம்பான 5 மைக்ரோகிராமுக்குக் கொண்டுபோய்விடும்.

எந்திரம் நின்ற இடத்தைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். 19 ஆண்டுகளாக இப்படிப்பட்ட இடங்களில் துளை போடுகிறேன்; நான் முதலில் கேட்பது கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான். அந்த எந்திரங்களில் பெர்க்கையும் நீரையும் பிரிக்கும் தொட்டி ஒன்று உண்டு. பிரிந்த நீர் பளிங்குபோல் இருக்கும், ஆகவே சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் கரைந்திருக்கும். கசியும் குழாய் இணைப்புகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஓரிடத்தில் எந்திரத்தின் அடிமண் ஏறக்குறையச் சுத்தம். பின்சுவருக்கு வெளியே குழாய் திரும்பும் முழங்கையருகே எடுத்த மண்ணை நீருடன் குப்பியில் குலுக்கி, நீரில் கரையாமல் பெர்க்கில் கரையும் சிவப்புச் சூடான் சாயம் சிறிது போட்டோம். அடியில் மிளகளவு துளிகள் சிவந்தன. குப்பியைச் சாய்த்தால் பாதரசம்போல் அடியோடு ஒட்டியே உருண்டன. அந்த முழங்கையை யாரும் தோண்டச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாடிவீடு:
அப்படியானால் நீரை இறைத்துச் சுத்திகரித்தால்?

கரிவடிகட்டி:
நாங்கள் ஓரிடத்தில் 11 ஆண்டுகள் இறைத்தோம். அளவு அழகாக இறங்கியது. பம்பை நிறுத்திய 14ஆம் மாதம் பழையபடி ஏறிவிட்டது: களிமண் இத்தனை காலம் குடித்ததை மெல்லத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. பிறகு தாவர எண்ணெய்ப் பால்மம் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்தோம். அவை பெர்க்கிலுள்ள குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. இதில் ஒரு பொறி இருக்கிறது. பாதி வழியில் நின்றால் மிஞ்சுவது வினைல் குளோரைடு; அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். எத்திலீன் வரை கொண்டுபோக டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா வேண்டும். அது உங்கள் மண்ணில் இருக்கிறதா என்று சோதிக்காமல் எண்ணெய் ஊற்ற வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். பெர்க் குறைந்தது என்ற ஓர் எண்ணை மட்டும் காட்டினாலும் அப்படியே.

துளைக்காரன்:
இவர் சொல்வது சரி. ஆனால் நீர் காத்திருக்கும், காற்று காத்திருக்காது. ஆவி சிமென்ட் தரையின் விரிசல் வழியாகவும் கழிவுக்குழாய் வழியாகவும் மேலே வரும். தரையில் சிறு துளையிட்டு அடிக்காற்றையும், மாடி அறைகளின் காற்றையும் சோதியுங்கள். அளவு இருந்தால் தரைக்கடியில் குழாய் வைத்து, விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடலாம். சில நாள் வேலைதான். நிலத்தடி நீருக்கு ஆண்டுகள் ஆகும்.

மாடிவீடு:
மாடியில் பயன்படுத்தாத குளியலறை ஒன்று இருக்கிறது. அதன் தரைவடிகால் பல மாதங்களாக வற்றிக் கிடக்கிறது. ஆனால் வாடை எதுவும் இல்லையே?

துளைக்காரன்:
மூக்குக்கு எட்டுவதற்குள் அளவு எங்கோ போயிருக்கும். வடிகாலின் வளைவில் நிற்கும் நீர்தான் குழாயின் ஆவியைத் தடுக்கும்; இப்போதே எழுந்துபோய் அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். கழிவுக்குழாயின் வரைபடம் கிடைத்தால் இங்கே போடுங்கள். எங்கே துளையிடலாம் என்று பார்ப்போம்.