டெக்சாஸில் இருந்துகொண்டு போனில் பந்தயம் கட்டலாமா?

கேள்வி: போச்சம்பள்ளியிலிருந்து டல்லாஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது அண்ணா. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்துவிட்டது, தைரியமாகக் கட்டு என்கிறார் அறைத் தோழர். கட்டலாமா?

பதில்: நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் பதினோரு ஆண்டு இருந்துவிட்டு இப்போது ஓசூரில் இருக்கிறேன். உங்கள் தோழர் பாதிதான் சொல்லியிருக்கிறார் தம்பி.

நீதிமன்றம் பந்தயத்தை அனுமதிக்கவில்லை. மாநிலங்கள் அதை அனுமதிக்கக் கூடாது என்று 1992-இல் மத்திய அரசு போட்ட சட்டத்தை ரத்து செய்தது, அவ்வளவுதான். அதன் பிறகு நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன் எல்லாம் கதவைத் திறந்தன. உங்கள் டெக்சாஸ் திறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 2022-இல் வாக்கெடுப்பு வைத்து மக்களே வேண்டாம் என்றார்கள். யூட்டாவில் லாட்டரிச் சீட்டுகூடக் கிடையாது. சியாட்டில் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும்: வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் அனுமதியில்லாத ஆன்லைன் சூதாட்டம் பெருங்குற்ற வகையைச் சேர்ந்தது.

ஓசூர் எல்லையில் ஜூஜூவாடியைத் தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் வரியும் விதியும் மாறுகின்றன அல்லவா, அதே கதைதான். வீட்டு முகவரி எதுவாக இருந்தாலும், பந்தயம் கட்டும் நேரத்தில் கால் எந்த மண்ணில் நிற்கிறது என்பதே கணக்கு. நியூயார்க்கில் போன்வழிப் பந்தயம் தொடங்கியது 2022 ஜனவரியில்தான். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைச் சைக்கிளில் தாண்டி எங்கள் பக்கம் வந்து, பந்தயம் கட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் செயலி போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜெயித்த பணம் கைக்கு வராது.

அமெரிக்க மத்தியச் சட்டங்களில் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயத்தைத் தொழிலாக நடத்துபவனைக் குறிவைக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சட்டவிரோதப் பந்தயத்துக்குப் பணம் வாங்கும் நிறுவனத்தை. வேடிக்கைக்கு ஆடுபவனை இரண்டும் தேடி வருவதில்லை.

ஆனால் விசாவில் வந்த நமக்கு வேறொரு இடத்தில் வலிக்கும். குடியுரிமை விண்ணப்பத்தில், சட்டவிரோதமாகச் சூதாடியது உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. குறித்த காலத்துக்குள் இரண்டு சூதாட்டக் குற்றத் தீர்ப்புகள் இருந்தால் நன்னடத்தைத் தகுதியே போய்விடும். கிரீன் கார்டு வரிசையில் இத்தனை ஆண்டு நிற்கப்போகிறவருக்கு இந்தச் சில்லறை எதற்கு?

வரியும் உண்டு. 2026 முதல் தோற்ற பணத்தில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்க முடியும். ஆயிரம் டாலர் ஜெயித்து ஆயிரம் தோற்றாலும், கைக்கு வராத நூறு டாலருக்கு வரி கட்டுவீர்கள்! வரிக் கணக்கில் வெளிநாட்டவராகக் கருதப்படும் ஆண்டில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: நன்றி அண்ணா, விட்டுவிட்டேன். காவேரிப்பட்டணத்து மாமா பணம் அனுப்புகிறாராம், பவர்பால் லாட்டரிச் சீட்டு வாங்கித் தரச் சொல்கிறார்.

பதில்: டெக்சாஸில் கடையிலேயே விற்கிறார்கள், உங்கள் காசில் நீங்கள் வாங்கலாம். மாமா அனுப்பக் கூடாது. லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடைசெய்கின்றன. அப்படியே ரம்மி பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த இந்திய மத்தியச் சட்டம் இங்கே மொத்தமாகத் தடைசெய்திருக்கிறது.