வேதாரண்யத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பால்கனி கிராதிக்கு 304 போதுமா, 316 போடணுமா?

உப்பளத்துக் காற்று (வேதாரண்யம்)

வணக்கம். புது வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது, மாடிப்படி கைப்பிடியும் பால்கனி கிராதியும்தான் பாக்கி. கடல் ஒன்றரை கிலோமீட்டர், உப்பளம் அதைவிடப் பக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 கிரேடு போதும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். இன்னொருவர் 316 போடாவிட்டால் பணம் வீண் என்கிறார், அவர் சொல்லும் விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூன்றாவது ஆள் வெறும் 316 கூட வேண்டாம், 316எல்தான் சரி என்று சொல்லிக் குழப்பிவிட்டார்.

நாகப்பட்டினத்தில் சித்தி வீட்டில் போன வருஷம் போட்ட கைப்பிடி மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. அடிப்பக்கம் விரலை ஓட்டினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது, விரலில் தேநீர் நிறத்தில் கறை ஒட்டுகிறது, வெல்டிங் வைத்த இடமெல்லாம் பழுப்பு வளையம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் அசல் 304தான் என்று அங்கே அடித்துச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

ஆர்கான் பட்டறை (திருவாரூர்)

தம்பி, முதலில் அந்தக் காந்தத்தை மறந்துவிடுங்கள். 202 கிரேடிலும் ஒட்டாது, 304லும் ஒட்டாது, 316லும் ஒட்டாது. வளைத்த இடத்தில் அசல் 304 கூட லேசாக இழுக்கும். சித்தி வீட்டுப் பைப் 202 ஆக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். 304ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் என்றால் 202ல் நிக்கல் 4 முதல் 6 வரைதான், குறைந்ததற்கு ஈடாக மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். பஃபிங் போட்டு வைத்தால் கண்ணால் பிரித்துச் சொல்லவே முடியாது.

அடிப்பக்கம் முதலில் கறை பிடிப்பதற்குக் காரணம் மழை. ஐப்பசி கார்த்திகை மழை மேல்பக்கத்து உப்பைக் கழுவிவிடும், அடியில் படிந்தது அப்படியே கிடக்கும், இரவு ஈரத்தில் ஊறி ஊறித் தின்னும். அதனால் காற்று படும் பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் 316, வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டுக்கு 304 போதும். நாகூரிலிருந்து கோடியக்கரை வரை நான் செய்கிற வேலைக்கெல்லாம் இதுதான் கணக்கு. ஆர்கான் வெல்டிங் நடக்கும்போது பக்கத்தில் நின்று, இணைப்பில் உருக்கி ஊற்றும் ராடையும் பாருங்கள். 316 பைப்பை 308 ராடு வைத்து ஒட்டினால் அந்த இணைப்பு மட்டும் 304 தரத்தில் நின்றுவிடும், 316எல் ராடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரும்பு கேட் அரைத்த வீலை இதில் வைக்கவே கூடாது, துகள் பதிந்து எந்தக் கிரேடானாலும் துருப் புள்ளி வரும்.

சோதனைக்கூடம் (தஞ்சாவூர்)

உலோகப் பரிசோதனையில் இருந்தவன், இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். 316ல் குரோமியம் 16 முதல் 18 வரை, அதாவது 304ஐ விடக் கொஞ்சம் குறைவுதான். வித்தியாசம் அதில் இருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். உப்பின் குளோரைடு மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தை ஊசியால் குத்தின மாதிரி துளைக்கும், மாலிப்டினம் அந்தத் துளை வளரவிடாமல் பிடிக்கும். மாலிப்டினத்தை 3.3 ஆலும் நைட்ரஜனை 16 ஆலும் பெருக்கி, குரோமியத்தோடு கூட்டி ஒரு எண் போடுவோம், எண் கூடக் கூட உப்பின் துளையைத் தாங்கும். 304க்கு 18, 19 வரும், 316க்கு 24 பக்கம்.

எல் என்பது கார்பன் 0.03 சதவீதத்துக்குள் என்று அர்த்தம். கனமான தகட்டை வெகுநேரம் வெல்டிங் செய்தால் 425 முதல் 850 டிகிரிக்குள் கார்பன் போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், இணைப்பை ஒட்டி அரிப்பு வரும், அதற்குத்தான் எல். உங்கள் பைப் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனம், சில நொடியில் ஒட்டி ஆறிவிடும். சந்தையில் வரும் 316ல் பெரும்பாலானது 316, 316எல் என்று இரண்டு பெயரிலும் சான்றிதழோடுதான் வருகிறது, எல்லுக்கென்று தனிக் காசு தராதீர்கள். சித்தி வீட்டுப் பழுப்பு வளையம் அனேகமாக வெல்டிங் சூட்டில் வந்த நிறத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டதால்தான். பைப் இறங்கியதும், உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்து ஒரு துண்டைப் பார்த்துவிடுங்கள், மாலிப்டினம் உடனே தெரியும். கார்பன் அதில் தெரியாது, துப்பாக்கியில் எல் காட்டியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இறால் குட்டை (சீர்காழி பக்கம்)

316 என்றதும் கவலை விட்டது என்று நினைத்துவிடாதீர்கள் சார். எங்கள் குட்டையில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரத்துக்கு 316 போல்ட்தான். தண்ணீர் தெறிக்கிற வெளிப்பக்கம் நன்றாக இருந்தது, இரண்டு சாகுபடி கழித்து வாஷரைக் கழற்றினால் அடியில் கரையான் அரித்த மாதிரி குழி. காற்றுப் புகாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் 316ம் தாங்காது. கிராதி தரையில் ஊன்றும் இடத்தில் கிண்ணம் மாதிரி மூடி வைப்பார்களே, அதற்குள்தான் தண்ணீர் நிற்கும். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் சிலிக்கான் அடைத்துவிடச் சொல்லுங்கள்.

உப்பளத்துக் காற்று

எல்லோருக்கும் நன்றி. வெளியே 316, உள்ளே 304 என்று முடிவு செய்துவிட்டோம். புதன்கிழமை கிராதி மாட்ட வருகிறார்கள், சனிக்கிழமை கொத்தனார் டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவுவார். பிறகு வாரம் ஒருமுறை போர் தண்ணீர் அடித்தால் போதுமா?

ஆர்கான் பட்டறை

தம்பி, அப்படிச் செய்யாதீர்கள், வரிசையை மாற்றுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பைப் மேல் ஊற்றக்கூட வேண்டியதில்லை, அந்தப் புகை பட்டாலே ஓரிரு நாளில் பைப் பழுப்பேறிவிடும், நான் மாட்டிய ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் மொத்தக் கிராதியையும் திரும்பப் பாலிஷ் போட்டேன். ஆசிட் வேலை முடிந்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஜன்னல் கதவு திறந்து இரண்டு நாள் காயவிட்டு, அப்புறம் கிராதி மாட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, அது வேண்டாம். கொள்ளிடம் குடிநீர் வரும் அன்று ஒரு வாளி பிடித்து, துணியை நனைத்து அடிப்பக்கத்தைத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் கிட்டவே போகக்கூடாது.