கிருனாவில் நடுக்கோடை: இரவும் இல்லை, தூக்கமும் இல்லை

புதுவரவு_மதுரை: வணக்கம். வடக்கு ஸ்வீடனுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. நள்ளிரவு 12 மணிக்கும் சமையலறைச் சுவரில் வெயில் அடிக்கிறது. பாப்பா தூங்குவதே இல்லை. நானும் மனைவியும் மூன்று நாளாகக் கண் மூடவில்லை. வெள்ளிக்கிழமை மிட்சொம்மர், அதாவது இங்கத்திய நடுக்கோடைத் திருவிழா. அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நாங்களும் காடு, மலை என்று எங்காவது போகலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

உப்சாலா_கார்த்தி: பெர்சூன்நும்மர் (ஸ்வீடனின் தனிநபர் அடையாள எண்) வந்துவிட்டதா? எனக்கு அது வர பதினொரு வாரம் ஆனது. அதுவரை வங்கிக் கணக்கு இல்லை, சம்பளம் வாங்க முடியவில்லை, அறைத்தோழனிடம் கடன் வாங்கித்தான் சாப்பிட்டேன். முதலில் அதைப் பாருங்கள். ஊர் சுற்றுவது அப்புறம்.

ஃபின்மார்க்_அண்ணை: தம்பி, நான் 1987இல் நோர்வேயின் வட முனைக்கு, ஃபின்மார்க்குக்கு, மீன் ஆலை வேலைக்கு வந்தவன். எங்கட பொடியள் நிறையப் பேர் அங்கே மீன் வெட்டினார்கள். இரவு வேலை முடிந்து வெளியே வந்தால் பட்டப்பகல். சாக்கைக் கிழித்து ஜன்னலில் ஆணியடித்துப் படுத்தோம், நித்திரை வந்தது. இந்தக் கோடையை மட்டும் விட்டுவிடாதேங்கோ. ஃபின்மார்க்கில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். குழந்தையோடு வெளியே போங்கோ. நுளம்புக்கு, நீங்கள் சொல்கிற கொசுவுக்கு, மட்டும் பயப்படுங்கோ.

லூலியோ_செல்வி: அண்ணா, மூன்று நாள் தூங்காதவரைக் கார் ஓட்டச் சொல்லாதீர்கள். இங்கே வளைவு திரும்பினால் சாலை நடுவே கலைமான் கன்றோடு நிற்கும். எந்த ஊர் தம்பி? பாப்பாவுக்கு எத்தனை மாதம்? கார் இருக்கிறதா?

கோதன்பர்க்_ராஜா: மிட்சொம்மருக்கு நம்மை யார் கூப்பிடுகிறார்கள்? எல்லோரும் குடும்பத்தோடு கோடை வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்று வருடத்தில் ஆறு வீடு மாறினேன், ஒரு வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

உப்சாலா_கார்த்தி: வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரவு முழுக்கப் பேசலாம்.

புதுவரவு_மதுரை: மன்னிக்கவும், கிருனா. பாப்பாவுக்கு 7 மாதம். கார் இல்லை.

லூலியோ_செல்வி: சரி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கிருனாவில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை சூரியன் மறையாது, அதனால் இருட்டை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். இன்றே அலுமினிய ஃபாயில் வாங்குங்கள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டி, விளிம்பில் டேப் போடுங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம்கூட வரக்கூடாது. மாலை ஏழு மணிக்கு அறையை இருட்டாக்கி, பாப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வையுங்கள். மூன்று நாள் விடாமல் செய்யுங்கள். அப்படியும் தூங்காவிட்டால் 1177 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்து செவிலியரிடம் கேளுங்கள்.

பால், டயப்பரை வியாழனே வாங்கிவிடுங்கள். வெள்ளி மதியத்துக்குள் நிறைய கடைகள் அடைத்துவிடும். ராஜா, ஊர்ப் பொதுவிடத்தில் இலையும் பூவும் சுற்றிய கம்பம் நடுவார்கள். அங்கே போக அழைப்பு வேண்டாம். நான் முதல் வருடம் தனியாகத்தான் போய் நின்றேன். ஒரு பாட்டி கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

பயணத்தைத் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அபிஸ்கோ என்ற மலையோர ஊருக்கு ரயிலிலேயே போகலாம், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. கடை வேண்டுமென்றால் அபிஸ்கோ ஓஸ்த்ரா நிறுத்தத்தில் இறங்குங்கள். தேசியப் பூங்காவுக்கு அடுத்த நிறுத்தம், அபிஸ்கோ டூரிஸ்ட். 1909இல் அமைத்த பூங்கா அது. ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை போய்த் திரும்பினால் போதும். மேலே மலையில் இன்னும் பனி கிடக்கும், உருகிய தண்ணீரில் ஓடைகள் முரட்டுத்தனமாக ஓடும். ஓடையைக் கடக்கவே கடக்காதீர்கள்.

ஃபின்மார்க்_அண்ணை: பிள்ளைக்கு நுளம்பு மருந்து பூசவேண்டாம். தள்ளுவண்டிக்கு வலை போடுங்கோ. வெளிர் நிறத்தில் முழுக்கை உடுப்பு, கம்பளித் தொப்பியும் வேண்டும்.

புதுவரவு_மதுரை: ஃபாயில் ஒட்டிவிட்டேன். பாப்பா ஒன்பது மணிக்குத் தூங்கினாள், இப்போது காலை நான்கு. அபிஸ்கோவுக்கு அடுத்த சனிக்கிழமை டிக்கெட் போட்டிருக்கிறேன். தள்ளுவண்டி வலை கிருனாவில் எங்கே கிடைக்கும்?