போர்த்துக்கேய மொழிக் கவிதை: எங்கிருந்து தொடங்கலாம்?

கொக்குவில் மாணவி:
யாழ்ப்பாணத்தில் தமிழ் சிறப்புக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ஒப்பியல் ஆய்வுக்குப் போர்த்துக்கேய மொழித் தன்னுணர்ச்சிக் கவிதைகளை எடுக்க ஆசை. போர்த்துக்கல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் என்று பரப்பு மிகப் பெரிது. வீட்டில் வேறு, "நல்லூர்க் கோயிலை இடித்தவர்களுடைய மொழியில் உனக்கு என்ன படிப்பு?" என்று கேட்கிறார்கள். அதைச் சும்மா தள்ளிவிடவும் மனமில்லை. எங்கே தொடங்குவது?

பண்ணைக்கடல்:
தங்கச்சி, போர்த்துக்கல் கவி கமோயிஸின் 'லூசியாதஸ்' காவியத்தில் மட்டும் தொடங்காதீர்கள். 1572இல் வந்த அந்த நூலின் முதல் செய்யுளே தப்ரொபானாவை, அதாவது எங்கள் இலங்கையை, தாண்டிப் போன கடலோடிகளின் பெருமைதான். வீட்டார் கேட்ட கேள்விக்குள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முந்திய 'கன்திகா தெ அமிகோ' (காதலனைப் பற்றிய பாட்டு) பாடல்களுக்குப் போங்கள். போர்த்துக்கேயத்தின் பழைய வடிவமான கலீசிய-போர்த்துக்கேயத்தில் ஆண் புலவர்கள் பெண் குரலில் பாடியவை, சுமார் 500 கிடைத்திருக்கின்றன. மார்த்தின் கொதாஷின் பாட்டொன்றில் ஒரு பெண் விகோ கடலின் அலைகளிடம், என் காதலனைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். நெய்தல் படித்த உங்களுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையா?

ஆனால் ஒற்றுமையோடு நின்றுவிடாதீர்கள், வேறுபாடுதான் ருசி. அகப்பாட்டில் தலைவி தாயிடம் நேரே காதலைச் சொல்ல மாட்டாள். காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றலில் தலைவி தோழிக்கும், தோழி வளர்த்த செவிலித்தாய்க்கும், செவிலி பெற்ற நற்றாய்க்குமாகச் செய்தி கைமாறிப் போகும். கன்திகாவில் மகள் அம்மாவுக்கு நேரே சொல்கிறாள், கெஞ்சுகிறாள், வழக்காடுகிறாள். சில பாட்டுகளில் அம்மாவே பதில் பேசுகிறாள். அந்த வீட்டுக்குள் இந்தப் பேச்சு எப்படி நடக்க முடிந்தது, எங்கள் மரபில் ஏன் இத்தனை வாய்கள் தேவைப்பட்டன? ஓர் ஆய்வுக்கு இது தாராளம். மூலப் பாடல்கள், கையெழுத்துப்படிகளின் படங்கள் எல்லாம் லிஸ்பன் நோவா பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ரொறன்ரோவிலிருந்து:
நான் பிரேசிலைச் சொல்வேன். பிரேசில் கவி கொன்சால்வஸ் தியாஸ் 1843இல் போர்த்துக்கலின் கொயிம்பிராவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊரின் பனையினத்து மரங்களையும் அவற்றில் பாடும் பறவையையும் நினைத்து எழுதிய கவிதையைப் படியுங்கள். சாகுமுன் ஒருமுறை ஊர் பார்க்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கிறார். இங்கே பனி கொட்டும் நாளில் அதை என்னால் முழுதாகப் படித்து முடிக்க முடிவதில்லை.

வீட்டாருக்கு அங்கோலாக் கவி அகொஸ்தின்யோ நெத்தோவைக் காட்டுங்கள். போர்த்துக்கேய ஆட்சி அவரைச் சிறையில் போட்டது, அங்கிருந்தும் அதே மொழியில் கவிதை எழுதினார். 1975இல் சுதந்திர அங்கோலாவின் முதல் ஜனாதிபதி அவர்தான்.

மட்டுநகர்:
இவ்வளவு தூரம் போகிறீர்கள், எங்களை விட்டுவிட்டீர்களே! மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் (போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்து உருவான மொழி) பேசுகிறார்கள், காதல் பாட்டும் உண்டு. பிரித்தானிய அதிகாரி ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த கிரியோல் பாட்டுக் கையெழுத்துப்படி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

கொக்குவில் மாணவி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவோடு வழக்காடும் மகளையே எடுக்கிறேன். குறுந்தொகை, நற்றிணை இரண்டிலும் தோழி கூற்றுகளை முதலில் பிரித்து வைக்கப் போகிறேன். மட்டுநகர் அண்ணா, அந்தப் பாட்டுகளை இன்னும் பாடுகிறவர்களைச் சந்திக்க வழி உண்டா? அப்புறம், யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயம் கற்பிப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுத எனக்கு விருப்பமில்லை.