கூடங்குளத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, பயப்பட வேண்டுமா?

காரைக்குடிக்காரன்:
தங்கைக்கு ஒரு வரன். பையன் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இன்ஜினியர், சொந்த ஊர் தேவகோட்டை, ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் அணு உலைப் பக்கம் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று ஆத்தா ஒரே பிடியாக நிற்கிறார்கள். நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா?

பள்ளத்தூரான்:
தம்பி, தினசரிக் கதிர்வீச்சு வேறு, விபத்து வேறு. மண், பாறை, வானம் எல்லாவற்றிலிருந்தும் உலகச் சராசரியாக ஆளுக்கு வருடம் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) எப்படியும் வருகிறது, நிலையத்தால் வெளியில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் சேரலாம் என்று வைத்திருக்கும் உச்சவரம்பே 1 தான். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20. அவர்கள் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் மாட்டித்தான் போவார்கள், கணக்கு இருக்கும். போன வருடம் எவ்வளவு என்று பையனிடமே கேளுங்கள்.

விபத்து என்றால், 1986இல் செர்னோபில் உலைக்கு மேலே கசிவைத் தடுக்கும் கான்கிரீட் கூடே கிடையாது, இங்கே இரட்டைக் கூடு. 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலை நின்றுவிட்டது, ஆனால் நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது, குளிர்விக்கக் கரண்ட் தர வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் சுனாமியில் மூழ்கிப்போயின. கூடங்குளத்தில் கரண்டே இல்லாவிட்டாலும் வெளிக்காற்றால் சூட்டை இறக்கும் ஏற்பாடு உண்டு.

கானாடுகாத்தான்:
அண்ணே, காகிதத்தில் எல்லாம் சரிதான். 2019இல் கூடங்குளம் கம்ப்யூட்டரில் மால்வேர் என்று பேச்சு வந்தபோது முதலில் மறுத்தார்கள், மறுநாளே ஆமாம், நிர்வாகப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மட்டும் என்றார்கள். எனக்கு உலையைவிட இந்தப் பூசி மெழுகல்தான் பயம். ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் போனவர்களைவிட, ஊரைக் காலி செய்த அலைச்சலில் போன வயதானவர்கள்தான் பல மடங்கு. ஏதாவது ஆனால் எந்த ரோட்டில், எந்த பஸ்ஸில், எங்கே போவது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியுமா? அதையும் கேளுங்கள். உலையில் பயன்படுத்தி முடித்த, இன்னும் கதிர்வீச்சு அடங்காத எரிபொருளும் அங்கேயேதான் இருக்கிறது. இடிந்தகரை ஜனங்கள் அத்தனை நாள் போராடியதை அறியாமை என்று தள்ளாதீர்கள்.

புதுவயல் செல்வி:
2020இல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை பாய்லர் வெடித்து ஆட்கள் செத்தார்கள். அதற்காக நெய்வேலி மாப்பிள்ளையை யாரும் வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. நிலக்கரிப் புகையால் வருடா வருடம் சாகிறவர்கள் தனிக் கணக்கு.

காரைக்குடிக்காரன்:
நெய்வேலிக் கதையை ஆத்தாவிடம் சொல்ல மாட்டேன் அக்கா, அப்புறம் அந்த ஊர் வரனும் போய்விடும். பேட்ஜ் கணக்கும் பஸ் விஷயமும் ஞாயிற்றுக்கிழமை பையன் வரும்போது கேட்கிறேன்.