பழைய டிங்கி, கார்கி நிறுவனங்களின் உலோகப் பொம்மைக் குடும்பக் கார்கள்: கையில் எடுத்ததும் எங்கே பார்க்கணும்?

மைனர்1000:
ஆஸ்டின் டெவன், ஸ்டாண்டர்ட் வான்கார்ட், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் என டிங்கி 40 வரிசை வண்டி எது புதுசு மாதிரி பளபளத்தாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்க. லிவர்பூல் பின்ஸ் ரோடு ஆலையில் பாடிக்குப் பெயின்ட் அடித்த பிறகே அடித்தகட்டை மாட்டி, பாடியோடு சேர்த்தே வார்த்த முளையின் (சிறு தூண்) நுனியை மழுக்கி ரிவிட் ஆக்கினாங்க. அதனால் ரிவிட் தலையில் வெறும் உலோகம் தெரியணும். அதன் மேல் பெயின்ட் இருந்தாலோ, தலை அரம் போட்ட மாதிரி தட்டையாக இருந்தாலோ வண்டியைக் கழற்றியிருக்காங்க. ஆக்சில் நுனியில் பாடி நிறம் ஒட்டியிருந்தால் கழற்றாமலே ஸ்ப்ரே அடிச்சது.

பெட்டியையும் விடாதீங்க. 1954-ல் மாடல் எண்கள் மாறின: டெவன் 40டி-யிலிருந்து 152 ஆனது, வான்கார்ட் 40இ-யிலிருந்து 153, ஆக்ஸ்ஃபோர்ட் 40ஜி-யிலிருந்து 159. இடைக்காலப் பெட்டிகளில் இரண்டு எண்ணும் இருக்கும், அது தப்பில்லை.

கார்கி_201:
அண்ணா சொன்ன ரிவிட் விஷயம் கார்கிக்கும் பொருந்தும். கூடுதலா ஒன்று: 1956-ல் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மாரிஸ் கவ்லி வந்தபோதே கார்கியில் பிளாஸ்டிக் ஜன்னல் கண்ணாடி உண்டு. அது உள்ளே இருக்கும்போது பெயின்ட் எடுக்க வண்டியை அசிட்டோனில் போட்டால் வெளுத்துப்போகும், திரும்பவே திரும்பாது. காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், துத்தநாகக் கலவையையே அரிச்சிடும்.

கழற்றியே ஆகணும்னா 3 மி.மீ. டிரில்லால் ரிவிட் தலையை மட்டும் எடுங்க. தகடு விடுபட்டதும் நிறுத்தணும். பிறகு முளையின் நடுவில் 1.6 மி.மீ. துளை, சுமார் 4 மி.மீ. ஆழம், அதில் எம்2 டேப் (2 மி.மீ. திருகுக்கு மரை வெட்டும் கருவி). அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒரு சொட்டு எண்ணெயோடு. அவசரப்பட்டால் இந்த உலோகம் டேப்பைக் கவ்வி உள்ளேயே ஒடிச்சிடும். பெயின்ட் அசலாக இருந்தால், எவ்வளவு உதிர்ந்திருந்தாலும், தயவுசெய்து தொடாதீங்க.

ஹெரால்டு_வண்டலூர்:
இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி 36 வரிசை, உதாரணமா 36டி ரோவர், கையில் வந்தால் விலை பேசும் முன் லென்ஸில் பாருங்க. வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே வெடிக்கும். தலைமுடி போன்ற கீறல், பெயின்டில் கொப்புளம், வளைந்த தகடு, இவைதான் அடையாளம். வெர்னியரில் அளந்தால் நல்ல வண்டியைவிட நீளமாகவே வரும். இதற்கு மருந்து கிடையாது, பக்கத்து வண்டிக்குத் தொத்தவும் செய்யாது. ஈரமும் சூடும் வேகப்படுத்தும், நம்ம கடற்கரை ஊர்க்காரங்க கண்ணாடி அலமாரியில் சிலிகா ஜெல் வைக்கிறது நல்லது.

இன்னொன்று, நம்ம ஊரோடு சேர்ந்தது. டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தா போய் 'நிக்கி டாய்ஸ்' ஆனதில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஒன்று. அச்சு ட்ரையம்ஃப் விட்டெஸ் என்ற வேறு காருடையது, அதனால் முன்னால் நாலு விளக்கு. மெட்ராஸில் செய்த நிஜ ஹெரால்டுக்கு இரண்டுதான். யாரோ மூக்கை மாற்றிட்டாங்கன்னு நினைச்சு ஒதுக்கிடாதீங்க.

மைனர்1000:
தம்பி, டயரையும் சேர்த்துக்கலாம். ரப்பர் இறுகி வெடித்திருந்தால் வெட்டி எடுங்க, இழுத்தால் ஆக்சில் வளையும். புது டயரை வீல் பள்ளத்தை அளந்து வாங்குங்க. மென்மையான பிவிசி டயர் போட்ட வண்டி பிளாஸ்டிக் தட்டில் நேரடியாக நிற்கக் கூடாது, வருஷக்கணக்கில் நின்றால் தட்டு உருகி ஒட்டிக்கும். அடியில் ஒரு அட்டைத் துண்டு போதும்.